புளியடிக் கண்மாய்த் தீவு

மடையில் பூட்டு தொங்கியது.

தங்கச்சாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பூட்டேதான். மடையின் திருகு சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியின் முடிவில் கையகலப் பித்தளைப் பூட்டு, அதன்மேல் அரக்கு முத்திரை. கரைக்கு இந்தப் பக்கம் அவருடைய வயல். கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல் வீடு வந்து சேரும். பாயாவிட்டால் அத்தனையும் பதர். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது. நடுவில் பூட்டு இருந்தது.

'பீப்ப்ப்!'

விசில் ஊதிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அது வயிரவன். போன வாரம் வரைக்கும் மானகிரி விலக்கு ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அதே வயிரவன்.

"கடல் பக்கம் போகாதீக சித்தப்பா! அலை இழுத்துரும்!"

தங்கச்சாமி கண்மாயைப் பார்த்தார். நடுவில் ஓர் எருமை உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் முதுகு முழுக்க வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"எந்தக் கடல்டா?"

"இதுதான். நேத்துலருந்து கடலு. ஆர்டர் வந்துருச்சு."

"பூட்டு?"

"கடல் மட்டம் குறையப்படாதாம்."

"நீ எதுக்குடா இந்த வேசத்துல நிக்கிறே?"

"நான் உயிர்காப்பாளரு."

"ஒனக்கு நீச்சலே தெரியாதேடா."

"எறங்குறவுகளுக்குத்தான் நீச்சல் தெரியணும் சித்தப்பா. நான் கரையிலதான நிக்கிறேன்."

ஆர்டர் போட்ட ஆபீஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு, தங்கச்சாமி பைக்கைக் காரைக்குடிக்குத் திருப்பினார்.

* * *

'வெப்பமண்டலத் தீவுச் சுற்றுலா வாரியம், உள்நாட்டுக் கிளை' என்று பலகை சொன்னது. உள்ளே தீவு அலுவலர் கோபிநாத் இருந்தார். அவர் தலைக்கு மேலே சுவர் முழுக்க நீலக்கடலும் வெள்ளை மணலும் வளைந்த தென்னையும் படமாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே காரைக்குடி வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க. தீவுக்கு எத்தனை பேர் போறீங்க?"

"போகலைங்க ஐயா. மடையைத் தொறக்கணும். பயிரு காயுது."

கோபிநாத் புன்னகைத்தார். விவரம் தெரியாத குழந்தையைப் பார்க்கும் புன்னகை.

"எல்லா மாவட்டத்துலயும் மார்ச்சுக்குள்ள ஒரு தீவு இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு."

"நம்ம பக்கம் கடலே இல்லைங்களே ஐயா?"

"நானும் அப்படித்தான் எழுதினேன். 'கடல் இல்லாமை தீவு அமைப்பதற்கு ஒரு தடையாகக் கருதப்படமாட்டாது'ன்னு பதில் வந்துச்சு. அப்புறம்தான் ஆய்வுல இறங்கினோம். தீவுன்னா என்ன? நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம். உங்க புளியடிக் கண்மாய் நடுவுல ஒரு திட்டு இருக்கா இல்லையா?"

"அது வண்டல் அள்ளுனப்ப காண்ட்ராக்டரு கொட்டிட்டுப் போன மண்ணுங்க."

"எல்லாத் தீவும் யாரோ கொட்டிட்டுப் போன மண்ணுதான். சிலதை எரிமலை கொட்டிச்சு. இதைக் காண்ட்ராக்டர் கொட்டியிருக்கார்."

தங்கச்சாமி எரிமலையை விட்டுவிட்டு மறுபடி மடைக்கே வந்தார்.

"கொஞ்சமாத் தொறந்தாப் போதும் ஐயா. ஒரு தண்ணி."

கோபிநாத்தின் முகம் மாறியது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "புரிஞ்சுக்குங்க. தண்ணி குறைஞ்சா திட்டு கரையோட ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா அது தீவு இல்லை, மேடு. நான் தீவு அலுவலர். மேட்டு அலுவலர்னு ஒரு பதவியே அரசாங்கத்துல கிடையாது. அன்னிக்கு சாயங்காலமே என்னைப் பழைய இடத்துக்கு அனுப்பிடுவாங்க. பழைய இடத்துல ஏசி இல்லை."

"அப்ப மனுவாவது வாங்கிக்குங்க."

"நீங்க நிலப்பகுதிவாசி. தீவு சம்பந்தமாத் தீவுவாசி மட்டும்தான் மனு குடுக்கலாம்."

"தீவுவாசி யாருங்க?"

"இன்னும் யாரும் சேரலை. பூர்வகுடித் தீவுவாசி இடம் காலியாத்தான் இருக்கு."

"பூர்வகுடிக்கு ஆள் எடுக்குறீகளா?"

"அனுபவம் தேவையில்லை" என்றார் கோபிநாத்.

* * *

பச்சையும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய பூப்போட்ட சட்டையில், தலையில் ஓலைத் தொப்பியோடு, கழுத்தில் சிப்பி மாலையோடு வீட்டுக்குள் நுழைந்த தங்கச்சாமியைப் பார்த்து, ஈஸ்வரி அரிவாள்மனையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, மடையைத் தொறக்கப் போறேன்னுட்டு மெத்தை உறையை மாட்டிக்கிட்டு வாரீக?"

"நான் இப்பப் பூர்வகுடி ஈஸ்வரி."

"அது பொறந்ததுலருந்துதான இருக்கீக. அதுக்கு எதுக்கு இந்தச் சட்டை?"

"இந்தச் சட்டை போட்டாத்தான் மனு வாங்குவாகளாம்."

ஈஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தொப்பியையும் போட்டுக்கிட்டே சாப்பிடுவீகளா, இல்லை சோத்துக்கு விதிவிலக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் திட்டில் பயிற்சி தொடங்கியது. வாரியம் அச்சிட்ட 'தீவு விடுமுறை: பயணிகளுக்கான குறிப்புகள்' என்ற வழவழப்பான புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கோபிநாத் ஒவ்வொன்றாக வாசிப்பார். தங்கச்சாமி செய்துகாட்ட வேண்டும். வெண்மணலில் வெறுங்காலோடு நடக்கும் இன்பத்தைத் தவறவிடாதீர்கள் என்றது புத்தகம். தங்கச்சாமி நடந்தார். வேலிக்கருவை முள் குதிகாலில் ஏறியது. "முகத்துல இன்பம் வரலை, மறுபடி" என்றார் கோபிநாத்.

மரத்திலிருந்து பறித்த இளநீரை அங்கேயே பருகுங்கள் என்றது அடுத்த குறிப்பு. திட்டில் தென்னை கிடையாது. ஆகவே சந்தையிலிருந்து இளநீர் வாங்கி வந்து, வேலிக்கருவை மரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முள்ளுக்கு நடுவே கையை விட்டு அதைப் பறிப்பதற்குள் தங்கச்சாமியின் முழங்கை வரைக்கும் கோடு கோடாகக் கிழிந்தது.

சுறாமீன் ஜாக்கிரதை என்று ஒரு பலகை நட்டார்கள். எருமை வந்து அதில் முதுகைச் சொறிந்துகொண்டது.

"எருமை ஜாக்கிரதைன்னு வச்சா நல்லதுங்க ஐயா. அது கன்னு போட்டுருக்கு, கிட்டப் போனா முட்டும்."

கோபிநாத் புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். "எருமை புத்தகத்துல இல்லையே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் முட்டியது. தண்ணீரிலிருந்து எழுந்து கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டு, "புத்தகத்தில் இல்லாததால் இது நடந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது" என்று அலுவலகத் தமிழில் அறிவித்தார்.

பயணிகளை வரவேற்கும் பயிற்சிதான் மிகவும் சிரமப்படுத்தியது. இடுப்பை ஆட்டிக்கொண்டு 'ஓலாலா' என்று பாட வேண்டும். தங்கச்சாமிக்கு ஆள் வந்து இறங்கியதும் வாய் தானாக, "வாங்க வாங்க, சாப்ட்டீகளா?" என்றது.

"பூர்வகுடிகள் அப்படிக் கேக்க மாட்டாங்க தங்கச்சாமி."

"வேற எப்படிங்க கேப்பாக?"

"கேக்கவே மாட்டாங்க. ஆடுவாங்க."

ஆடினார். வயலை நினைத்துக்கொண்டு ஆடினார். ஆடி முடித்த கையோடு மனுவை நீட்டினார்.

கோபிநாத் படித்துவிட்டு அதிர்ச்சியடைந்தார். "தண்ணியைத் திறக்கச் சொல்லித் தீவுவாசி மனு குடுக்கிறதா? உங்க தீவே அழிஞ்சு போயிடுமே! தீவுவாசிங்கிற முறையில முதல் ஆளா ஆட்சேபிக்க வேண்டியவரே நீங்கதான்."

"ஆனா ஐயா..."

"உங்க ஆட்சேபணையைப் பதிவு பண்ணிக்கிட்டேன்" என்றார் கோபிநாத். "மடை திறக்கக் கூடாதுன்னு தீவு மக்கள் ஒருமனதாத் தெரிவிச்சிருக்காங்க."

* * *

வெயில் வாரியத்தின் உத்தரவைப் படிக்கவில்லை போலிருக்கிறது. கண்மாய் நாளுக்கு நாள் வற்றியது. அதனால் மாலை தோறும் டேங்கர் லாரி வந்து கண்மாய்க்குள் தண்ணீரைக் கொட்டியது. இதற்குக் கடல் பாஷையில் 'ஓதம் ஏறுதல்' என்று பெயர் வைத்தார்கள். லாரி, தங்கச்சாமியின் வெடித்த வயலை ஒட்டித்தான் போகும். ஈஸ்வரி ஒருநாள் டிரைவரை மறித்தாள்.

"தம்பி, குழாயை இங்குட்டு ஒரு நிமிசம் திருப்பேன்."

"ஐயையோ அக்கா! இது கடல் தண்ணி. வயலுக்கு விட்டா வேலை போயிரும்."

"கடல் தண்ணியை எங்கனருந்து எடுத்துட்டு வாரே?"

"ஒங்களுக்கு அடுத்த வயக்காட்டு போர்லருந்துதான்."

இந்தச் சமயத்தில்தான் முதல் சுற்றுலாப் பயணிகள் சிக்கினார்கள். முகேஷ், சத்தியப்பிரியா என்று சென்னையிலிருந்து வந்த புதுத் தம்பதி. அவர்கள் வந்தது காரைக்குடிப் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட. வாரியத்தின் வேன் அவர்களை வழியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாந்தி வராமலிருக்க ஆளுக்கொரு மாத்திரை கொடுத்து, அன்னப்பறவை வடிவத்து மிதிபடகில் உட்காரவைத்துத் திட்டில் இறக்கியது. தங்கச்சாமி ஆடினார். வயிரவன் கரையில் நின்று இரண்டு பலகைகளால் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பினான். புறப்படும்போது கோபிநாத் அவர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்.

சத்தியப்பிரியாவின் பாதத்தில் முள் இருந்தது. கணவனின் சட்டையில் எருமைச் சாணி இருந்தது. "எல்லாம் பிரமாதம் சார்" என்றாள் அந்தப் பெண். "தண்ணி மட்டும்தான் உப்பா இல்லை."

கோபிநாத் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவர் தங்கச்சாமியிடம் ஓடி வந்தபோது முகம் ஜொலித்தது. "தலைவரே நேர்ல வர்றார்! வாரியத் தலைவர் வள்ளியப்பன்! தீவைத் திறந்துவைக்கிறார். கூடவே உப்பிடும் விழா. மூட்டை மூட்டையா உப்பு வருது. முதல் பிடியைத் தலைவர் போடுவார், மிச்சத்தை நாம கரைச்சு விடுறோம். அப்புறம் எவன் சொல்வான் இது கடல் இல்லைன்னு?"

தங்கச்சாமி கணக்குப் போட்டார். மடை பூட்டியிருந்தால் இந்த வெள்ளாமை போகும். உப்பு விழுந்தால் நிலமே போகும்.

ஈஸ்வரி வரப்பில் நின்று ஒரு கதிரைப் பிதுக்கிப் பார்த்தாள். பாலுக்குப் பதில் வெறும் ஈரம்தான் விரலில் ஒட்டியது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"இத்தனை நாளு ஆடுனீகளே, அந்தத் தலைவருகிட்டயாவது வாயைத் தொறந்து கேளுங்க. சட்டைக்காகவாவது எரக்கப்படுவாரு."

* * *

விழாவுக்குக் கூட்டம் வேண்டுமென்று வாரியம் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அனுப்பியிருந்தது. 'புளியடிக் கண்மாய்க்கு வாரீர், அனைவரும் வாரீர்!' ஒக்கூர் வரைக்கும் ஆட்டோ போனது.

கூட்டம் வந்தது. விடிவதற்குள் கரை கொள்ளாத கூட்டம். கோபிநாத் திட்டிலிருந்து அதைப் பார்த்துக் கண்கலங்கினார். "சுற்றுலா ஆர்வம்!" என்றார்.

கரையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஏதோ இருந்தது. மூங்கில் பின்னலில், அடிப்பாகம் இல்லாத கூடை. அல்லது வலை. அல்லது கொசுவலை. ஒரு கிழவர் கரண்டு கம்பத்தில் சாய்ந்து நிற்க இடம் கேட்டு இருவரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கூடை எதுக்கு?" என்று கேட்டார் கோபிநாத்.

"ஊத்தாங்க ஐயா. மீனை அமுக்கிப் பிடிக்கிறது" என்றார் தங்கச்சாமி.

"ஓ, உள்ளூர்க் கைவினைப் பொருள்" என்று கோபிநாத் திருப்தியடைந்தார்.

சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோபிநாத்துக்கு யாரும் விளக்கவில்லை. கண்மாயில் தண்ணீர் வற்றிக்கொண்டு வரும்போது, மிச்சமிருக்கும் மீனை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று ஊரே திறந்துவிடும். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் ஊத்தாவோடு வந்து கரையைச் சுற்றி நிற்கும். ஒருவர்கூடத் தண்ணீரில் கால் வைக்க மாட்டார். மாலை போட்ட ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் எல்லோருக்கும் தெரியும்படி நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசிவிட்டால் பிறகு தெய்வமே வந்தாலும் நிறுத்த முடியாது.

வாரியத் தலைவர் வள்ளியப்பன் வந்தார். வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு அன்னப்படகில் ஏறினார். அவர் பின்னால் உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள். திட்டில், தலைவருக்குப் போட வாங்கிய ரோஜா மாலை கசங்காமலிருக்கத் தன் கழுத்திலேயே அதை மாட்டிக்கொண்டு கோபிநாத் நின்றார். பக்கத்தில் தங்கச்சாமி, ஓலாலாவுக்குத் தயாராக.

பாதி வழியில் அன்னம் நின்றது.

தலைவர் மிதித்தார். அன்னம் நகரவில்லை. உப்புக் கனம் தாங்காமல் அதன் அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"எடையைக் குறைங்க சார்! மூட்டையைத் தள்ளுங்க!" என்று கத்தினார் கோபிநாத். தலைவருக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்தார். கரையில் மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. கோபிநாத் சுற்றுமுற்றும் பார்த்தார். பயணிகள் வெயில் காய்வதற்கென்று போட்டிருந்த சாய்வு நாற்காலியில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது.

"ஐயா, வேணாம்!" என்றார் தங்கச்சாமி.

கோபிநாத் துண்டை உருவி, தலைக்கு மேல் தூக்கி, நன்றாக, நாலு பக்கமும் தெரியும்படி வீசினார்.

கரையில் அத்தனை ஊத்தாவும் உயர்ந்தன.

பிறகு "ஓஓஓய்!" என்று ஒரு சத்தம். கரை முழுவதும் சரிந்து கண்மாய்க்குள் இறங்கியது போலிருந்தது. ஆண்கள், பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டிய வாத்தியார்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், எல்லோரும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். சுறாமீன் பலகை முதல் நொடியிலேயே சாய்ந்தது. விசில் ஊதிய வயிரவன், விசிலை வாயிலிருந்து எடுக்காமலே மிதவைச் சட்டையைக் கழற்றி அதில் ஒரு கெளுத்தியை அமுக்கினான்.

"என்ன பண்றாங்க? என்ன பண்றாங்க?" கோபிநாத் தங்கச்சாமியின் பூச்சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"நீங்கதான ஐயா உத்தரவு குடுத்தீக."

"நான் எப்பய்யா குடுத்தேன்!"

"மாலையைப் போட்டுக்கிட்டு வெள்ளைத் துண்டை வீசுனீகளே. இதுக்கு மேல எப்படிக் குடுக்குறது?"

கூட்டம் மடைப் பக்கத்து ஆழத்தை நோக்கி நகர்ந்தது. அங்கேதான் பெரிய மீன் கிடக்கும். அங்கே கழுத்தளவுத் தண்ணீரும் கிடந்தது. ஒருவர் முங்கினார். கோபிநாத்துக்கு உயிரே போய்விட்டது. கையில் கட்லா மீனோடு அவர் எழுந்தார். கோபிநாத்துக்கு உயிர் திரும்பவில்லை.

"அங்க ஆழம்! யாராவது மூழ்கினா விசாரணை வரும்! 'இறங்கச் சொன்னது யார்?'னு கேப்பாங்க! இத்தனை பேரும் என்னைத்தான் கை காட்டுவாங்க!" அவருக்குக் குரல் கீச்சிட்டது. "தண்ணியைக் குறைக்கணும். உடனே குறைக்கணும். எப்படிக் குறைக்கிறது?"

தங்கச்சாமி தொப்பியைக் கழற்றினார். இத்தனை நாள் மனுவாகவும் ஆட்டமாகவும் கேட்டதை ஒரே வார்த்தையில் சொன்னார்.

"மடை."

கோபிநாத் மாலைக்குள் கையை விட்டு, கழுத்தில் தொங்கிய சாவியைக் கயிறோடு பிய்த்து நீட்டினார். "ஓடுய்யா! நிக்காதே! திற! முழுசாத் திற!"

தங்கச்சாமி ஓடினார். சிப்பி மாலை அறுந்து தெறித்தது. குறுக்கே வந்த ஊத்தாக்களைத் தாண்டி, தலைவரின் அன்னத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அன்னத்தைப் பெண்கள் சூழ்ந்திருந்தார்கள்.

"இம்புட்டு மீனையும் இன்னிக்கே திங்க முடியுமா? கருவாடு போடணும். அந்த உப்பை எடுங்க அப்பச்சி."

"இது கடலுக்கானதும்மா" என்று வள்ளியப்பன் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மீனுக்குத்தான போகுது. எல்லாம் ஒண்ணுதான், குடுங்க."

மடைக்கருகே ஈஸ்வரி ஏற்கெனவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். தங்கச்சாமி பூட்டைத் திறந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தைத் திருகினார்கள். முதலில் ஒரு முனகல். பிறகு கரைக்கு அடியில் ஓர் உறுமல். செம்மண் கலங்கிய தண்ணீர் வாய்க்காலில் குதித்து, வளைந்து, வெடித்த வயலுக்குள் நுழைந்தது. வெடிப்புகள் குடித்த சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது.

"அழுகுறீகளா?" என்றாள் ஈஸ்வரி.

"சேறு தெறிச்சிருச்சு."

* * *

உப்பிழந்த அன்னம் லேசாகியும் மிதக்கவில்லை. மிதப்பதற்குத் தண்ணீர் இல்லை. தலைவரைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தி, கையில் ஒரு விராலைக் கொடுத்தார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் அவருக்குப் பேச்சு தானாக வந்துவிடும்.

"அன்பார்ந்த சுற்றுலாப் பயணிகளே! எந்தத் தீவிலும் ஒரே காலையில் இத்தனை பயணிகள் இறங்கியதில்லை! ஒவ்வொருவரும் நினைவுப்பொருளோடு திரும்புகிறீர்கள்! இது நான் நெடுநாளாகத் திட்டமிட்டது!"

கைதட்ட யாருக்கும் கை காலியாக இல்லை. தலைவர் விராலோடு காரில் ஏறிப் போனார்.

மதியத்துக்குள் கண்மாய் காலியானது. மீன் போனது, ஜனம் போனது, தண்ணீர் முக்கால்வாசி போனது. திட்டில் கோபிநாத் மட்டும் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஈரச்சேறும், அதில் ஆயிரக்கணக்கான காலடிகளும்தான் இருந்தன.

தங்கச்சாமி கரையிலிருந்து கூப்பிட்டார். "ஐயா, நடந்து வாங்க! செருப்பை மட்டும் கையில எடுத்துக்கிட்டாப் போதும்!"

"முடியாது! படகு அனுப்புங்க!"

"படகு எங்கனக்குள்ளங்க மிதக்கும்?"

"நான் நடந்து வந்தா, இது தீவு இல்லைன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும்! மடையை மூடுங்க! தண்ணி ஏறட்டும், வர்றேன்!"

தங்கச்சாமி திரும்பி வயலைப் பார்த்தார். மேல் வயல்கள் பளபளத்தன. கடைசி வயலுக்குத் தண்ணீர் இப்போதுதான் போய்க்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஈஸ்வரி தூக்குவாளியோடு திட்டின் மேல் ஏறினாள். பட்டினி கிடக்கும் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு வழக்கமில்லை. கோபிநாத் மூடியைத் திறந்தார். சோறும் விரால்மீன் குழம்பும். சாப்பிட்டு முடித்து, விரலையும் சூப்பினார்.

"மடையை எப்பம்மா மூடுவார்?"

"கடைசி வயலு நனைஞ்சதும் மூடிருவாக. ஒங்களைக் கூட்டியாரவும் வாரேன்னாக."

கோபிநாத் தலையாட்டினார். பிறகு ஏதோ உறைத்தது போல, அவளுடைய சேறு படிந்த பாதங்களையே பார்த்தார்.

"நீங்க இப்ப எதுல வந்தீங்க?"

"நடந்துதான்."

அவர் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். எருமையைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாராவது கேட்டா, படகுல வந்தேன்னு சொல்லுங்கம்மா."